மாஷ் பிஎச்: லண்டன் தண்ணீரில் பியர் காய்ச்சுபவர்கள் கேட்கும் கேள்விகள்

லண்டனில் எந்த வீட்டுக் கெட்டிலைத் திறந்தாலும் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். வினிகர் ஊற்றிக் கழுவினாலும் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். அந்த வெள்ளைப் படிவுக்கும் பேல் ஏல் என்ற உங்கள் வெளிர் நிற பியர் தொண்டையில் துவர்ப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மால்ட்டிலிருந்தே பியர் காய்ச்சத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்டவை, எனக்கே முதல் இரண்டு வருடம் பிடிபடாதவை எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கணக்குகள் ஏறக்குறைய 20 லிட்டர் பியருக்கானவை.

மாஷ் என்றால் என்ன? அதில் பிஎச் எங்கே வருகிறது?

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைப்பதை மாஷ் என்கிறோம். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவான நொதிகள் அந்தச் சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் லேசாக இனிக்கிறதே, அதுவும் இதே வேலைதான்.

நொதிகள் சூட்டை மட்டும் பார்ப்பதில்லை, புளிப்பையும் பார்க்கின்றன. அந்தப் புளிப்பைச் சொல்லும் எண்தான் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் அளவுகோலே ஒரு பியர் ஆலையின் ஆய்வகத்தில் பிறந்தது. 1909-இல் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் சோரன்சென், அமிலத்தன்மையைச் சின்ன எண்ணாக எழுத ஒரு வழி தேவைப்பட்டு இதை வகுத்தார். நாம் அடுக்களையில் அளப்பது அவர் எதற்காக வகுத்தாரோ அதற்காகவேதான்.

எந்த எண்ணை எதிர்பார்க்க வேண்டும்?

ஆறவைத்த மாதிரியில் 5.2 முதல் 5.6 வரை. வெளிர் நிற பியருக்கு 5.3 அல்லது 5.4, கறுப்பு பியருக்கு 5.5 அல்லது 5.6 என்று வைத்துக்கொள்கிறேன்.

"ஆறவைத்த" என்பதை அழுத்திச் சொல்கிறேன், பாதிக் குழப்பம் இங்கேதான். அதே மாஷை 65 டிகிரியில் அளந்தால் அறை வெப்பநிலையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய 0.3 குறைவாக இருக்கும். சூட்டில் அமிலங்கள் கூடுதலாகப் பிரிவதால் திரவமே உண்மையில் மாறுகிறது. மீட்டரில் தானியங்கி வெப்ப ஈடுகட்டல் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது மின்முனையின் பிழையைத்தான் சரிசெய்யும், திரவத்தில் நடந்த மாற்றத்தைத் தொடாது. ஒருவர் 5.2 என்றும் இன்னொருவர் 5.5 என்றும் சொன்னால், எந்தச் சூட்டில் அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இருவரும் ஒரே மாஷைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிஎச் கூடிவிட்டால் பியருக்கு என்ன ஆகும்?

சர்க்கரை கிடைப்பது கொஞ்சம் குறையும், ஆனால் அது சின்ன இழப்பு. பெரிய இழப்பு சுவையில். பிஎச் 5.8-ஐத் தாண்டினால் உமியிலிருந்து டானின் கூடுதலாக இறங்கத் தொடங்கும். தேயிலையை மறந்துபோய் நெடுநேரம் கொதிக்கவிட்டால் நாக்கில் ஒட்டுமே, அந்தத் துவர்ப்பு. கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு முரட்டுத்தனமாகத் தெரியும், பியர் மங்கலாகவே இருக்கும், நிறமும் எதிர்பார்த்ததைவிடக் கருக்கும். ஒன்றரை வருடம் நான் ஹாப்ஸையும் ஈஸ்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு குழாய்த் தண்ணீரில் இருந்தது.

என் குழாய்த் தண்ணீரின் பிஎச் 7.8. அதை 5.4-க்கு இறக்கிவிட்டால் போதுமா?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதைத்தான் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன். தண்ணீரின் பிஎச் உங்களுக்குக் கிட்டத்தட்ட எந்தத் தகவலையும் தராது. பார்க்க வேண்டியது காரத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் எவ்வளவு அமிலத்தை விழுங்கும் என்ற அளவு.

இரண்டு வாளித் தண்ணீரை எடுத்துக்கொள்வோம், தலா 20 லிட்டர். இரண்டின் பிஎச்சும் 7.8. ஒன்று மலைப்பகுதியின் மென்னீர், காரத்தன்மை லிட்டருக்கு 30 மி.கி. மற்றது லண்டன் தண்ணீர், காரத்தன்மை 250 மி.கி. முதல் வாளியின் காரத்தன்மையை முறிக்க 88 சதவீத லாக்டிக் அமிலம் சுமார் 1 மி.லி. போதும். இரண்டாவதற்கு 8, 9 மி.லி. ஊற்ற வேண்டும். மீட்டரில் காட்டிய எண் ஒன்றுதான், தேவைப்பட்ட அமிலமோ எட்டு மடங்கு.

தண்ணீரை முதலில் 5.4-க்குக் கொண்டுவந்து பிறகு மால்ட் போட்டாலும் மாஷ் 5.4-இல் நிற்காது. வெறும் காய்ச்சி வடித்த நீரில் வெளிர் நிற பேல் மால்ட்டை ஊறவைத்தால் பிஎச் 5.7 அல்லது 5.8-இல் போய் நிற்கும். மால்ட்டுக்கே உரிய இழுப்பு அது, தண்ணீரைவிட வலுவானது. அதனால் அளக்க வேண்டியது மால்ட் கலந்த மாஷை.

காரத்தன்மை எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் பகுதிக்குத் தண்ணீர் வழங்கும் நிறுவனத்தின் தர அறிக்கையைப் பாருங்கள். பிரிட்டனில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் கிடைக்கும். சில அறிக்கைகளில் கடினத்தன்மை மட்டும் இருக்கும், அது வேறு அளவு. சிலவற்றில் பைகார்பனேட் என்று இருக்கும், அதை 0.82-ஆல் பெருக்கினால் நமக்கு வேண்டிய கால்சியம் கார்பனேட் கணக்கிலான காரத்தன்மை வந்துவிடும்.

ஆனால் அறிக்கை ஆண்டுச் சராசரி. நீர்த்தேக்கத்துத் தண்ணீரும் ஆழ்துளைத் தண்ணீரும் கலக்கும் விகிதம் மாறினால் குழாயில் வருவதும் மாறும். மீன்தொட்டிக் கடையில் கேஹெச் என்ற பெயரில் ஒரு சொட்டுச் சோதனைப் பெட்டி விற்பார்கள். நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். அதில் வரும் ஜெர்மன் டிகிரியை 17.8-ஆல் பெருக்குங்கள். காய்ச்சும் ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குகிறேன். பிஎச் மீட்டருக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் இதுதான் என்பது என் எண்ணம்.

"எஞ்சிய காரத்தன்மை" என்கிறார்களே, அது என்ன?

தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் மால்ட்டில் இருக்கும் பாஸ்பேட்டுடன் வினைபுரிந்து கொஞ்சம் அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் காரத்தன்மையில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடும். மீதம் நிற்பதே எஞ்சிய காரத்தன்மை. 1953-இல் ஜெர்மானிய ஆய்வாளர் பவுல் கோல்பாக் இதைக் கணக்காக எழுதினார். எல்லாவற்றையும் லிட்டருக்கு மி.கி. கணக்கில் எடுத்தால்: கால்சியத்தை 1.4-ஆல், மெக்னீசியத்தை 1.7-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டி, காரத்தன்மையிலிருந்து கழிக்க வேண்டும்.

லண்டன் தண்ணீருக்குப் போட்டுப் பார்ப்போம். காரத்தன்மை 250, கால்சியம் 110, மெக்னீசியம் 5 என்றால் எஞ்சுவது சுமார் 168. கோல்பாக் கணக்குப்படி எஞ்சிய காரத்தன்மை 178 இருந்தால் பிஎச் 0.3 ஏறும். நம் பேல் மால்ட் மாஷ் 5.75-இலிருந்து 6-ஐத் தொட்டுவிடும். அந்தத் துவர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இதுதான்.

அதே தண்ணீரில் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் மட்டும் அருமையாக வருகிறதே, ஏன்?

கருக வறுத்த மால்ட் இயல்பிலேயே புளிப்பானது. காய்ச்சி வடித்த நீரில் அதை மட்டும் ஊறவைத்தால் பிஎச் 4.5-இலிருந்து 4.7-க்குள் நிற்கும். இனிப்புக்கும் நிறத்துக்கும் சேர்க்கும் கிரிஸ்டல் மால்ட்டும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். வறுக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள் தண்ணீரின் சுண்ணாம்பை முறித்துவிடுகின்றன. பத்துச் சதவீதம் வறுத்த மால்ட் போட்ட ஸ்டவுட், லண்டன் தண்ணீரில் எதுவும் சேர்க்காமலே 5.5-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஐரோப்பாவின் பழைய பியர் ஊர்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் வரைபடமே புரியத் தொடங்கும். சுண்ணாம்புத் தண்ணீர் வாய்த்த டப்ளினிலும் லண்டனிலும் கறுப்பு பியர் செழித்தது. 1842-இல் செக் நாட்டின் பில்சனில் பொன்னிற லாகர் பிறந்தபோது அந்த ஊரின் தண்ணீரில் கனிமம் கிட்டத்தட்ட இல்லை. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணறுகளில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், நிறைந்திருந்தது, கால்சியம் பிஎச்சை இறக்கியது, வெளிர் ஏலுக்கு அந்த ஊர் பெயர்பெற்றது. ஏன் என்று தெரியாமலே, எது நன்றாக வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

சரி, லண்டன் தண்ணீரில் பேல் ஏல் காய்ச்ச நான் என்ன செய்ய வேண்டும்?

என் வழக்கத்தைச் சொல்கிறேன். 4.5 கிலோ பேல் மால்ட், கால் கிலோ கிரிஸ்டல் மால்ட், மொத்தம் 30 லிட்டர் தண்ணீர்.

லாக்டிக் அமிலத்தை மட்டும் வைத்து 250-ஐ 30-க்கு இறக்கப் பார்த்தால் 30 லிட்டருக்கு 11, 12 மி.லி. ஆகும். பானையில் கடைசியில் மிஞ்சும் 22 லிட்டரில் அது லிட்டருக்கு 550 மி.கி.யைத் தாண்டும். ஏறக்குறைய 400 மி.கி.யிலேயே மோர்ப் புளிப்பு நாக்கில் தெரியத் தொடங்கும். அதனால் முதலில் தண்ணீரை நீர்க்கச் செய்யுங்கள்: 15 லிட்டர் குழாய்த் தண்ணீர், 15 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீர் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். கடையில் விற்கும் பாட்டில் தண்ணீரிலும் பைகார்பனேட் குறைவானதை லேபிள் பார்த்து எடுக்கலாம்.

இப்போது காரத்தன்மை 125. அதை 30-க்குக் கொண்டுவர 30 லிட்டருக்கும் சேர்த்து 88 சதவீத லாக்டிக் அமிலம் 5 மி.லி. போதும். பாட்டிலில் 80 சதவீதம் என்றிருந்தால் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 6 கிராம் ஜிப்சம் சேர்த்தால் கால்சியம் 100-க்கு வந்துவிடும். அப்புறம் மால்ட்டைக் கொட்டிக் கிளறி, 10 முதல் 15 நிமிடம் விட்டு, மாதிரி எடுத்து ஆறவைத்து அளங்கள். பெரும்பாலும் 5.5-ஐ ஒட்டிக் காட்டும். மீதத்தை மாஷிலேயே சரிசெய்யலாம். ஒரு கிலோ மால்ட்டுக்கு 0.1 இறக்க 0.3 மி.லி. லாக்டிக் அமிலம் என்பது நல்ல அடிக்கணக்கு. இங்கே ஒன்றிலிருந்து இரண்டு மி.லி. கூடுதலாகப் போகும். கணக்கில் வந்ததில் பாதியை முதலில் ஊற்றி, கிளறி, திரும்ப அளந்த பிறகே மீதியை ஊற்றுங்கள்.

எந்த அமிலம் நல்லது?

லாக்டிக் அமிலம் எளிதில் கிடைக்கும், கையாளவும் எளிது, அளவு மீறினால்தான் சுவையில் தெரியும். பாஸ்பாரிக் அமிலத்துக்குத் தனிச் சுவை கிட்டத்தட்ட இல்லை, மால்ட்டிலேயே பாஸ்பேட் நிறைய இருப்பதால் அந்நியமாகவும் தெரியாது. காரத்தன்மை மிகக் கூடுதலான தண்ணீருக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். பிரிட்டிஷ் கடைகளில் ஹைட்ரோகுளோரிக்கும் சல்பூரிக்கும் கலந்த ஒரு கரைசலும் விற்கிறார்கள். அது குளோரைடையும் சல்பேட்டையும் சேர்த்தே தருவதால் ஆங்கில ஏல்களுக்குப் பொருந்தும்.

அமிலமாக்கிய மால்ட் என்று ஒன்றும் உண்டு. தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் தவிர வேறெதுவும் கூடாது என்ற ஜெர்மானிய மரபுக்குள் நின்றே பிஎச்சை இறக்கும் வழி அது. மொத்த மால்ட்டில் ஒரு சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 0.1 இறங்கும். தராசு போதும், சொட்டு எண்ண வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

எந்த அமிலமானாலும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

எலுமிச்சைச் சாறு, வினிகர்?

வினிகர் வேண்டவே வேண்டாம், பியர் கெட்டுப்போன மணம் வந்துவிடும். எலுமிச்சை வேலை செய்யும், ஆனால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், அளவு பிடிபடாது.

தண்ணீரை முதல் நாளே கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு இறங்காதா?

இறங்கும். பள்ளியில் படித்த தற்காலிகக் கடினத்தன்மை இதுதான். அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்நீரை வடித்தெடுத்தால் 250-ஐப் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம். செலவு எரிவாயு மட்டும். ஆனால் காரத்தன்மையில் 100 போனால் கூடவே கால்சியத்தில் 40 போய்விடும், அதை ஜிப்சம் போட்டுத் திருப்பித் தர வேண்டும்.

வீட்டில் தண்ணீர் மென்மையாக்கி பொருத்தியிருக்கிறோம். அந்தத் தண்ணீர் நல்லதுதானே?

பியருக்கு அதைவிட மோசமான தண்ணீர் வீட்டில் கிடைக்காது. உப்பு போட்டு இயங்கும் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது, பைகார்பனேட்டைத் தொடுவதே இல்லை. பிஎச்சை இறக்க உதவும் கால்சியம் போய்விட்டது, ஏற்றும் பைகார்பனேட் முழுதாக நிற்கிறது. துணி துவைக்க அருமையான தண்ணீர், மாஷுக்கு ஆகாது. பெரும்பாலான வீடுகளில் குடிப்பதற்காக அடுக்களையில் ஒரு குழாயை அந்தக் கருவியில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். அதிலிருந்து பிடியுங்கள்.

ஜிப்சமா, கால்சியம் குளோரைடா?

பிஎச்சை இறக்குவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. 10 லிட்டருக்கு ஒரு கிராம் ஜிப்சம் லிட்டருக்கு 23 மி.கி. கால்சியம் தரும், அதே அளவு கால்சியம் குளோரைடு 27 மி.கி. தரும். வித்தியாசம் நாக்கில்: சல்பேட் ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக்கும், குளோரைடு வாயில் நிறைவையும் மால்ட் இனிமையையும் தூக்கும். கால்சியத்தை மட்டும் வைத்து லண்டன் தண்ணீரை வெல்ல நினைக்காதீர்கள். அந்த அளவுக்குப் போட்டால் பியரில் தாது நெடி அடிக்கும்.

பிஎச் இறங்கிவிட்டது, ஏற்ற வேண்டும். என்ன போடுவது?

ஆர்.ஓ. தண்ணீரில் ஸ்டவுட் காய்ச்சினால் இந்த நிலை வரும், 5.1-க்குப் போய் வறுத்த மால்ட் கடுமையான புளிப்பாகத் தெரியும். சமையல் சோடா போதும். 10 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் காரத்தன்மை 60 ஏறும், கூடவே லிட்டருக்கு 27 மி.கி. சோடியம் வரும். சோடியம் 100-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் தூளைப் பழைய குறிப்புகள் சொல்லும், ஆனால் அது மாஷில் சரியாகக் கரையாது. இன்னொரு எளிய வழி, வறுத்த மால்ட்டை மட்டும் தனியே வைத்திருந்து மாஷின் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்ப்பது.

மீட்டர் வாங்க வேண்டுமா, காகிதப் பட்டை போதாதா?

மாஷின் பழுப்பு நிறத்தில் பட்டையின் நிறத்தைப் படிப்பது கடினம், நமக்கோ 0.1 வித்தியாசம் முக்கியம். மீட்டர் வாங்குங்கள், வாங்கினால் பராமரியுங்கள். காய்ச்சும் நாளெல்லாம் 7.00, 4.01 பஃபர் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். மின்முனையைப் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில் வைக்க வேண்டும், காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் சீக்கிரம் கெடும். சூடான மாஷில் நேரே முக்காதீர்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் இரண்டு கரண்டி எடுத்துக் குளிர்ந்த நீரில் சுழற்றினால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும்.

எந்தத் தண்ணீரையும் தானாக 5.2-இல் நிறுத்தும் என்று ஒரு பொடி விற்கிறார்களே?

நான் வாங்கிப் பார்த்தேன், என் தண்ணீரில் நிற்கவில்லை. காரணம் வேதியியலிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட பொடிகள் பாஸ்பேட் உப்புகளால் ஆனவை. பாஸ்பேட் உறுதியாகப் பிடித்து நிறுத்தக்கூடிய இடங்கள் பிஎச் 2-ஐயும் 7-ஐயும் ஒட்டியவை. நமக்கு வேண்டிய 5.2 இரண்டுக்கும் நடுவே, அதன் பிடி மிகத் தளர்ந்திருக்கும் இடம். அந்தப் பணத்தில் காரத்தன்மைச் சோதனைப் பெட்டியை வாங்கலாம்.

ஸ்பார்ஜ் தண்ணீரையும் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். மாஷை வடித்த பிறகு தானியத்தில் மிஞ்சிய சர்க்கரையைக் கழுவியெடுக்க ஊற்றுவது ஸ்பார்ஜ். அப்போது மால்ட்டின் சொந்த அமிலம் கழுவப்பட்டுப் போகப் போக, தண்ணீரின் காரத்தன்மை கை ஓங்கும். டானின் அதிகம் இறங்குவது அந்தக் கடைசிச் சில லிட்டர்களில்தான். மேலே சொன்னபடி 30 லிட்டரையும் ஒன்றாகச் சரிசெய்துவிட்டால் இது தானாகத் தீர்ந்துவிடும். தனியாகச் செய்தால் ஸ்பார்ஜ் தண்ணீரை 5.5 முதல் 6-க்குள் வையுங்கள்.

குளோரின்?

பிஎச்சோடு தொடர்பில்லை, ஆனால் விட்டுவிடாதீர்கள், மருந்து நெடி வரும். குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்து 30 லிட்டரில் கலக்கினால் போதும்.

மால்ட் சாற்றில் காய்ச்சுகிறேன். இதெல்லாம் எனக்கும் உண்டா?

இல்லை. சாறு தயாரித்தவர்கள் மாஷை ஏற்கெனவே முடித்துவிட்டார்கள்.

வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி சரியா?

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1978-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கேலன் அனுமதிக்கிறது. சிங்கப்பூரில் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது குற்றம், ஊரில் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

நாளைக்குக் காய்ச்சுகிறேன், கையில் மீட்டரும் இல்லை, சோதனைப் பெட்டியும் இல்லை. என்ன செய்யலாம்?

ஸ்டவுட் அல்லது அதைப் போன்ற கறுப்பு பியரான போர்ட்டர் காய்ச்சுங்கள், குழாய்த் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். பேல் ஏல்தான் வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, மால்ட்டில் மூன்று சதவீதம் அமிலமாக்கிய மால்ட் சேர்த்து, ஸ்பார்ஜுக்கு முழுக்க ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். வடியும் சாறு ருசியில்லாமல் நீர்த்துப்போனதும் நிறுத்திவிடுங்கள். பானையில் அளவு குறைந்தால் சுத்தமான தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.